ஒன்பதாம் ஸ்டேஷன்

வண்டி பத்தடிகூட உருண்டிருக்காது, ஸ்டியரிங் கோபியின் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் சுற்றியது. யாரும் சுற்றவில்லை, அதுவாகச் சுற்றியது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்து பலம் பார்ப்பதுபோல விடாப்பிடியாகச் சுற்றியது. மாந்தோப்புக்கு நேரே போக வேண்டிய வண்டி, தக்காளிக் குச்சிகளைச் சாய்த்துக்கொண்டு கிணற்றைப் பார்த்துப் போனது. கோபி பிரேக்கை ஏறி மிதித்தான். கிணற்றுச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

அவன் பெண்டாட்டி சுமலதா தலைதெறிக்க ஓடி வந்தாள். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அடி கிடி பட்டுச்சாங்க?"

"ஒண்ணும் இல்ல." ஸ்டியரிங்குக்கு அடியில் அவள் போன ஞாயிறு முடுக்கிய போல்ட்டுகளைக் காட்டினான். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் கோடு. "நல்லா மஞ்சப் பொட்டு வெச்ச, போ. ஆளக் கெணத்துல தள்ளப் பாத்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷக் கம்பெனி வேலையில் அவள் மஞ்சள் கோடு போட்ட ஒரு சாமான்கூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

"அந்த பெங்களூர்க்காரருக்கு போன் போடப் போறன்," என்றான் கோபி. "அடுத்த ஞாயித்துக்கெழம வந்து தூக்கினு போவட்டும். எனக்கும் நிம்மதி, வண்டிக்கும் நிம்மதி."

அந்த வண்டி ராயக்கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, அவர்கள் நிலத்து ஷெட்டில், நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வளர்ந்தது. மேல் உடம்பு கோயம்புத்தூரிலிருந்து பாகம் பாகமாக வந்த ஃபைபர் கிட். கீழே இருக்கும் குழாய்ச் சட்டம் முழுக்கக் கோபி வெல்டிங் அடித்தது. எஞ்சின் ஒரு பழைய காருடையது. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. ரோட்டில் ஏற்ற அனுமதி இல்லாததால் ஷெட்டிலிருந்து மாந்தோப்பு, தோப்பைச் சுற்றிக் கிணற்றோரம் வளைந்து மறுபடி ஷெட், அவ்வளவுதான் அதன் உலகம். அந்த மண் தடத்தில் கோபி ராஜா. டயர் அகலமாகத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிப் போட்டிருந்தான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. திருப்பத்தான் இரண்டு ஆள் பலம் வேண்டியிருந்தது. அப்போது அவனுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன, அதனால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

போன மார்கழியில் ஒரு குடோன் கூரைக்கு வெல்டிங் வைக்கும்போது சாரம் சரிந்து விழுந்தான். இடது தோளில் தகடு வைத்துத் தைத்தார்கள். கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. தினமும் காலையில் பத்துத் தடவை கையைத் தூக்கிப் பழகு என்றார் டாக்டர். இரண்டு வாரம் செய்தான், வலித்தது, விட்டுவிட்டான். ஒற்றைக் கையால் அந்த டயர்களைத் திருப்ப முடியாமல் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினான். அதோடு மனிதன் பேச்சையும் சேர்த்து மூடிக்கொண்டான். சுமலதாவுக்கு அவன் கையைவிட அந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

பெங்களூர்க்காரர் கமலக்கண்ணன், தளிப் பக்கம் ரிசார்ட் வைத்திருப்பவர், அப்போதுதான் வண்டியைக் கேட்டு வந்தார். வாசலில் நிறுத்தி வைப்பாராம். வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்றார் பாருங்கள், அந்த வார்த்தையில்தான் சுமலதாவுக்கு ரோஷம் வந்தது. ஓடுகிற வண்டியைப் பூந்தொட்டியாக்கக் கொடுப்பதா? கொடுத்துவிட்டால், அதைக் கட்டியவன் அப்புறம் எந்த வாசலில் உட்காருவான்?

அவள் வேலை பார்ப்பது போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில், கார்களுக்கு மின்சாரப் பவர் ஸ்டியரிங் செய்யும் கம்பெனியில். ஊரில் ஓடும் கார்களுக்கெல்லாம் ஸ்டியரிங்கை லேசாக்கி அனுப்புகிறவள் வீட்டில், ஸ்டியரிங் கனத்துப்போய்ப் புருஷன் மூலையில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு என்ன மரியாதை? கம்பெனியிலிருந்து ஒரு திருகாணியைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. கேட்டில் பையைத் தடவுவார்கள், டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள். ஆனால் கை கற்றுக்கொண்டதை எந்த செக்யூரிட்டி தடவிப் பார்க்க முடியும்?

ஓசூருக்குப் போய், பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி, திம்மப்பன் கடையில் ஒரு நசுங்கிய காரிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங் தண்டைப் பிடித்தாள். திருப்ப உதவும் மோட்டார் அதில் நன்றாக இருந்தது. அதன் மூளையான கண்ட்ரோல் பாக்ஸ் மட்டும் உடைந்திருந்தது. திம்மப்பன் இன்னொரு காரின் பாக்ஸை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "எல்லா ஒந்தே கணம்மா" என்றார் கன்னடத்தில். எல்லாம் ஒன்றுதானாம். சுமலதாவும் தலையாட்டினாள். வேறு யாராவது இருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். அவள் கேட்காததற்குக் காரணம் அவள் வேலைதான். லைனில் அவள் நிற்பது எட்டாம் ஸ்டேஷன். பாக்ஸுகள் தட்டில் நாற்பது நாற்பதாக வரும். கைக்கு அகப்பட்டதை எடுப்பாள், வந்து நிற்கும் தண்டில் பொருத்துவாள், வேண்டிய அளவு இறுகி டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றதும் போல்ட்டின் தலையில் மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவாள். கோடு என்றால், இது முடுக்கியாயிற்று, நான் பொறுப்பு என்று அர்த்தம். எந்தப் பாக்ஸும் எந்தத் தண்டுக்கும் சேரும். பதினோரு வருஷமாகச் சேர்ந்தது.

தண்டைத் தாங்கும் பிராக்கெட்டைக் கோபிதான் வெல்டிங் அடித்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, அவன் வலது கையால் அடித்தான். மூன்று ஞாயிறுகள் அந்த வேலை நடந்தது. மூன்றாவது ஞாயிறு அவன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்ததை அவள் காதால் கேட்டாள். கேட்டும் கேளாததுபோல இருந்தாள், சொன்னால் நிறுத்திவிடுவான் என்று. நாலாவது ஞாயிறுதான் கிணறு. இந்த முறை மூடிக்கொண்டால் மனிதன் திறக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை லைனில் நின்றாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மனசு கிணற்றோரம் நின்றது. என்ன தப்பு பண்ணினேன்? போல்ட் எல்லாம் சரி, வயர் எல்லாம் சரி. பத்தரை மணிக்கு மறுவேலைக்காக ஒரு தள்ளுவண்டி அவளைக் கடந்து போனது. அதில் முடிந்த பீஸ் ஒன்று கிடந்தது. அதன் பாக்ஸின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர்.

சுமலதாவின் கை நின்றது. தன் தட்டைப் பார்த்தாள். நாற்பது பாக்ஸ் இருந்தன. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. அவளிடம் வரும்போது எதிலும் பச்சை இருக்காது. ஆனால் திம்மப்பன் துடைத்துக் கொடுத்த பாக்ஸில், வெளுத்துப்போய், ஓரம் கிழிந்து, பச்சையாக ஒன்று ஒட்டியிருந்ததே!

அப்படியானால் பச்சை ஒட்டுவது அடுத்த ஆள். அவள் பொருத்தியனுப்பும் பீஸ் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்விடும். அதுதான் ஒன்பதாம் ஸ்டேஷன். அங்கே அதை என்ன செய்கிறார்கள் என்று பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தன் கோடு, தன் வேலை, தன் பஸ். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கு சொல்லிவிடும். அடுத்த ஸ்டேஷன் அப்படியில்லை.

கூண்டுக்குள் நிற்பவள் ரஹமத் பீவி, சிங்காரப்பேட்டையிலிருந்து வருகிறவள். கண்ணாடி வழியாக ஒன்பது வருஷமாகச் சிரித்திருக்கிறார்கள். இருவருக்கும் வேறு வேறு கம்பெனி பஸ், அதனால் பேச்சு வளர்ந்ததில்லை. மத்தியானம் கேன்டீனில் சுமலதா தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ரஹமத், ஒன் ஸ்டேஷன்ல நீ என்னா பண்ற?"

ரஹமத் பீவி சிரித்துவிட்டாள். "என்னாக்கா, ஒம்போது வருசம் கழிச்சி கேக்கற? பச்ச பட்டன அமுக்குறன்."

"அமுக்கினா?"

"கைய எடுத்துட்டு தள்ளி நிக்கணும். ஒருத்தரும் தொடக் கூடாது. பாக்ஸுக்கு நடு எதுன்னு மிஷின் சொல்லிக் குடுக்கும். தண்டுல துளிக்கூட முறுக்கு இல்லாத நேரத்துல, இதான் நடுன்னு அது மனசுல வெச்சிக்கும். அப்பறம் ஆளு எந்தப் பக்கம் திருப்புறாங்கன்னு அதுவே கண்டுபுடிச்சி ஒதவும். கத்துக்கினா ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடுவன்."

"வேற தண்டுல கத்துக்கினு வந்த பாக்ஸ எடுத்து, என் தண்டுல மாட்டினா?"

"அய்யோ, மாட்டாதக்கா. இதோட நேரு அதுக்குக் கோணலாத் தெரியும். ஒரு பக்கமா இழுத்துக்கினே கெடக்கும்."

சுமலதாவுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமும் வந்தது. தப்பு இன்னது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். கோபியின் கையை, தார்ப்பாயை, பாட்டை, கிணற்றை.

ரஹமத் பீவி தயிர்ச்சாதத்தைப் பிசைந்தாள். "பட்டன் எனக்குத் தெரியும், மிஷின் இங்க இருக்குதே," என்றாள். பிறகு, "என் தம்பி காலித் கிருஷ்ணகிரில கார் எலக்ட்ரிக்கல் கட வெச்சிருக்கான். அவன்கிட்ட ஸ்கேனர் இருக்குது. நடு சொல்லிக் குடுக்கற மெனு அதுலயும் இருக்குதாம், தொடறதுக்கு பயப்படுவான். நான் கூட நின்னா தொடுவான். ஞாயித்துக்கெழம வரட்டா?"

அன்று சாயந்திரம் கோபி முந்திக்கொண்டான். கமலக்கண்ணன் ஞாயிறு பதினோரு மணிக்கு லாரியோடு வருகிறார் என்றான். சுமலதா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தபா நான் அதுல உக்கார மாட்டன், சுமா."

"உக்கார வேணாம். பக்கத்துல நிப்பீங்க இல்ல?"

அவன் முடியாது என்று சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அக்காவும் தம்பியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். காலித் தாடி வைத்த, அதிர்ந்து பேசாத ஆள். ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கினார்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங் யாரும் தொடாமலே இடப்பக்கம் சுற்றி முட்டி நின்றது. காலித் ஓரடி பின்னால் போனான். பிறகு ஸ்கேனர் வயரைச் சொருகி அந்த மெனுவுக்குள் போனான். மோட்டார் ஓய்ந்தது. ஸ்டியரிங்கை நேராக்கி வைத்தார்கள்.

"எல்லாரும் கைய எடுங்க," என்றாள் ரஹமத் பீவி. கம்பெனிக் குரல் வந்துவிட்டது அவளுக்கு. "அண்ணா, ஒங்களத்தான். கைய எடுங்க."

கோபி அப்போதுதான் கவனித்தான். உட்கார மாட்டேன் என்றவன், வெளியே நின்றபடியே வலது கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்திருந்தான். எடுத்துக்கொண்டான்.

காலித் பட்டனை அமுக்கினான். திரையில் சிவப்பு விழுந்தது. மறுபடி அமுக்கினான், சிவப்பு. மூன்றாம் முறையும் சிவப்பு. அதற்குள் தோட்டத்து வழியில் புழுதி கிளம்பியது. லாரி வந்து நின்றது, முன்னால் ஒரு காரில் கமலக்கண்ணன் வந்து இறங்கினார்.

"ரெடியா? ஏத்திடலாமா?" என்றார் அவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"இன்னும் இல்ல சார். ஒக்காருங்க," என்றாள் சுமலதா. உட்கார அங்கே ஒரு நாற்காலியும் இல்லை, அதை அவள் யோசிக்கவில்லை.

ரஹமத் பீவி தண்டையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். தன் கூண்டை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கிறாள் என்று சுமலதாவுக்குப் புரிந்தது.

"அக்கா, எங்க ஸ்டேஷன்ல காரே கெடையாது," என்றாள் மெதுவாக. "தண்டு தனியாத் தொங்கும். கீழ ஒண்ணும் மாட்டியிருக்காது. இங்க சக்கரம் வரைக்கும் மாட்டியிருக்குது. அந்தப் பாரம் தண்ட முறுக்கிக்கினு இருக்குது. முறுக்கு இருந்தா அது நடுவக் கத்துக்காது."

சுமலதா அடுத்த நொடி வண்டிக்கு அடியில் இருந்தாள். தண்டையும் சக்கரத்துக்குப் போகும் கீழ்த் தண்டையும் சேர்க்கும் ஜாயின்ட்டின் போல்ட்டில் அவள் போட்ட மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. தன் கோட்டைத் தானே உடைப்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. ஸ்பேனரை வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். கோடு இரண்டாகப் பிரிந்தது. ஜாயின்ட் கழன்று, தண்டு தனியாகத் தொங்கியது.

"கைய எடுங்க," என்றாள் ரஹமத் பீவி மறுபடியும்.

எல்லோரும் தள்ளி நின்றார்கள். லாரி டிரைவர்கூட என்னவோ ஏதோவென்று கையைக் கட்டிக்கொண்டார். காலித் அமுக்கினான். திரையில் ஒரு கோடு நகர்ந்தது, நகர்ந்தது, நின்றது. பச்சை.

ரஹமத் பீவி தன் கைப்பையைத் துழாவினாள். ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது? தம்பி முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

சுமலதா ஜாயின்ட்டை மாட்டினாள். ரெஞ்ச் 'க்ளிக்' என்றது. புதிதாக ஒரு கோடு போட்டாள். ஜாக்கியை இறக்கிவிட்டுக் கோபியைப் பார்த்தாள். அவன் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டைம் ஆவுது மேடம்," என்றார் கமலக்கண்ணன்.

சுமலதா கதவுக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு, டிரைவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஸ்கூட்டிக்கு மேலே எதையும் ஓட்டி அறியாதவள்.

"ஏ, என்னா பண்ற?"

"நீங்க உக்கார மாட்டன்னு சொல்லிட்டீங்க. நான் மாட்டின சாமான், நான் ஓட்டிப் பாக்கறன்."

"கிளட்ச்சு எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"மூணு பெடல் இருக்குது. ஒவ்வொண்ணா மிதிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுடும்." சொன்னபடி சாவியில் கை வைத்தாள். விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவன் ஏறாவிட்டால் நிஜமாகவே ஓட்டியிருப்பாள். அது கோபிக்கும் தெரியும், பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறானே.

"எறங்குடி மொதல்ல!" என்று கத்தினான். ஏழு மாசத்தில் அவன் கத்தியது அன்றுதான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவன் ஏறினான். எஞ்சின் உறுமியது. முதல் பத்தடி ஆமை மாதிரி நகர்ந்தான். வண்டி நேராகப் போனது. சாய்ந்த தக்காளிக் குச்சிகளைத் தாண்டும்போது கையை ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தான். அப்போதும் நேராகத்தான் போனது. தோப்புக்குள் மறைந்தது. சத்தம் மட்டும் சுற்றி வந்தது. பிறகு மரங்களுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டுக் கிணற்றை நோக்கி வந்தது.

தடத்திலேயே கிணற்றோர வளைவுதான் குறுகல். இரண்டு கையும் இருந்த காலத்திலேயே அங்கே அவன் பல்லைக் கடிப்பான். இப்போது இடது கை மடியில் கிடந்தது. வலது கை ஒன்றே ஸ்டியரிங்கைச் சுற்றியது. அந்த அகல டயர்கள் மண்ணை அரைத்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பின. வண்டி வளைந்து ஷெட்டுக்கு வந்தது. நிற்கவில்லை. அவர்களைக் கடந்து மறுபடி தோப்புக்குப் போனது. மூன்று சுற்று போனான்.

இறங்கியபோது அவன் சட்டையெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. கமலக்கண்ணன் முன்னால் வந்தார். "சூப்பரா ஓடுதே! இவ்ளோ நல்லா ஓடும்னு சொல்லவே இல்லியே நீங்க?"

"போட்டோ எடுக்கத்தான கேட்டீங்க சார்?" என்றான் கோபி. "ஏறி ஒக்காருங்க, எடுத்துக்குங்க. எடுத்துட்டுக் கெளம்புங்க. வண்டி இங்கதான் இருக்கும்."

அவர் முகம் சுருங்கினாலும், வந்ததற்கு ஏறி உட்கார்ந்து இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனார். வெறும் லாரி தோட்டத்து வழியில் குலுங்கிக் குலுங்கிப் போனது. காலித் ஸ்கேனர் வயரைச் சுற்றி வைத்தான். ரஹமத் பீவி கிணற்றுத் தண்ணீரில் கை கழுவப் போனாள்.

கோபி சுமலதாவிடம் வந்தான். அவள் கையிலிருந்த மஞ்சள் மார்க்கரைப் பார்த்தான். சட்டைக் காலரை விலக்கி இடது தோளைக் காட்டினான். தகடு வைத்துத் தைத்த வடு நீளமாகத் தெரிந்தது.

"இங்கயும் ஒண்ணு போடு."

சுமலதா மார்க்கரின் மூடியைத் திறந்தாள். வடுவைப் பார்த்தாள். மறுபடி மூடிவிட்டாள்.

"முடுக்காத போல்ட்டுக்கு நான் கோடு போட மாட்டன். கையத் தூக்குங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் வலியோடு சிரித்தான். கையைத் தூக்கினான். மார்பு வரை சுலபமாக வந்தது, அங்கே நின்றது. பல்லைக் கடித்து இன்னும் நாலு விரற்கடை ஏற்றினான். கீழே விட்டான்.

"ஒண்ணு," என்றாள் சுமலதா. "இன்னும் ஒம்போது இருக்குது, தூக்குங்க."